தேதி, பந்தல், மேளம்: சின்ன ஊர்க் கலைவிழா பற்றிச் சில கேள்விகள்

டெல்டாவில் சின்ன ஊர்களில் கலைவிழா நடத்த நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. கோயில் திருவிழா, பொங்கல் விழா, கோடை விழா என்று மேடைக்குப் பின்னாலேயே நின்று பழகியவன் நான். பதிலும் அங்கிருந்து பார்த்ததுதான்.

அண்ணே, இரண்டு நாள் கலைவிழா வைக்கலாம் என்று இருக்கிறோம். எந்த மாதம் தோது? (வலங்கைமான், இளைஞர் மன்றம்)

தம்பி, காலண்டரை அப்புறம் பாருங்கள், முதலில் வயலைப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஆளும் சிக்காது, காசும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ஊரில் நன்கொடை கேட்டுப் போக முகம் வரும். அது தை பிற்பாதி, மாசி. ஆனால் மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு வந்துவிடும். அந்த நேரத்தில் மைக் கட்டினால் ஊரே திட்டும். ஆக, தை பிற்பாதியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரைதான் நல்ல இடைவெளி. அதை விட்டால் தேர்வெல்லாம் முடிந்து சித்திரை.

தையில் இன்னொரு சிக்கல் உண்டு. முகூர்த்த நாளில் மேளக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் மூவரும் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். கிடைத்தாலும் ரேட் வேறு. முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறாகப் பிடியுங்கள். பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு என்றைக்கு என்றும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவு. ஆனால் சினிமாப் பாடகர் ஒருவரைக் கூப்பிட்டால்தான் கூட்டம் வரும் என்று குழுவில் சொல்கிறார்கள். (நன்னிலம், பள்ளி ஆசிரியை)

வரும் டீச்சர், கூட்டம் வரும். வந்த பணம் மொத்தமும் அவரோடு காரில் ஏறிப் போய்விடும். அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய பாடகர் வேண்டும் என்பார்கள்.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நாயனம் (நாதஸ்வரம்), தவில், தப்பாட்டம், பொய்க்கால் குதிரை, பச்சைக்காளி பவளக்காளி ஆட்டம் எல்லாம் இருக்கின்றன. தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்துத் தப்பாட்டக் குழுக்களை வெளியூர்க்காரர்கள் வந்து கூப்பிட்டுப் போகிறார்கள். ஆடுதுறை பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு நாயனம் செய்து கொடுத்த ஊர் அது. அங்கிருந்து ஓர் ஆசாரியை அழைத்து, மதியம் மூன்று மணிக்குப் பள்ளி மைதானத்து மரநிழலில் உட்கார வையுங்கள். பக்கத்தில் கடைந்து முடியாத ஆச்சா மரத்துண்டு ஒன்று, கடைந்த உலவு (குழல் பகுதி) ஒன்று, அனசு (அடியில் மாட்டும் புனல்) ஒன்று, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஒரு கொத்து. பிள்ளைகள் சீவாளியை வாங்கி ஊதிப் பார்ப்பார்கள்; பாதிப் பேருக்குக் காற்றுதான் வரும். சாயங்காலம் அதே நாயனம் மேடையில் ஒலிக்கும்போது அந்தப் பிள்ளைகள் அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருப்பார்கள்.

கீற்றுப் பந்தல் குளிர்ச்சியாக இருக்கிறது, செலவும் குறைவு. தகரப் பந்தல் அவசியமா? (திருத்துறைப்பூண்டி)

கீற்றின் குளுமைக்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கத்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைக் கூரையில் தீ, நெரிசல், 48 பேர் போனார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம். மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம், 94 குழந்தைகள். மூன்று இடத்திலும் தலைக்கு மேலே இருந்தது கீற்று. சமையல் தீ, வாணவேடிக்கை, சூடேறிய விளக்கு என்று தொடங்குவது எதுவாகவும் இருக்கலாம். காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும், கீழே இருப்பவர்களுக்கு எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்காது.

அதனால் கூட்டம் உட்காரும் இடத்தில் கீற்று வேண்டாம். இராத்திரி நிகழ்ச்சிக்குக் கூரை எதற்கு? திறந்த வெளியே போதும். மேடைக்கு மட்டும் தகரம் போடுங்கள். சமையல் கொட்டகை பந்தலை ஒட்டி வரவே கூடாது. வெளியேற இரண்டு பக்கமாவது அகலமான வழி விடுங்கள். அந்த வழியில் ஐஸ்கிரீம் வண்டியை நிறுத்தக் கடைசி நேரத்தில் ஒருவர் வருவார், அவர் யாருடைய மாமாவாக இருந்தாலும் விடாதீர்கள். சீரியல் செட் ஒயரைக் கம்பியில் சுற்றி ஒட்டுப் போட்டு இழுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். லைன் கம்பத்தில் கொக்கி மாட்டும் பேச்சே வேண்டாம், தற்காலிக இணைப்புக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஊர்வலம் உண்டென்றால், வாகனத்தின் உச்சி எத்தனை அடி, தெருவில் கம்பி எத்தனை அடி உயரத்தில் ஓடுகிறது என்று முந்தின நாளே நடந்து பார்த்து, லைன்மேனிடமும் சொல்லி வையுங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தப்பாட்டக் குழு வருகிறது. எங்கள் பக்கம் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (பாபநாசம்)

பறை காய்ச்ச இடம். இதை யாருமே யோசிப்பதில்லை. பனிக்காலத்து இராத்திரியில் தோல் ஈரம் வாங்கித் தொங்கிவிடும்; வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால்தான் விறைக்கும், ஓசை எழும்பும். ஆட்டத்துக்கு நடுவிலும் ஒருமுறை காய்ச்சுவார்கள். பந்தலிலிருந்து தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஓர் இடம், நாலு கட்டு வைக்கோல், ஒரு குடம் தண்ணீர், பக்கத்தில் நிற்க ஓர் ஆள். இவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பாட்டுக் கச்சேரிக்காரருக்கு மேஜை நாற்காலி போட்டு இலை, தப்பாட்டக்காரர்களுக்குக் கொல்லைப்பக்கம் பொட்டலம் என்று இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரட்டும். பேசிய தொகையை மேடையிலிருந்து இறங்கியதும் கையில் கொடுத்துவிடுங்கள். “காலையில் வந்து வாங்கிக்கோ” என்றால் அவர்களுக்கு ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போகும்.

பரதநாட்டியத்துக்கு மேடையில் கம்பளம் விரிக்கலாமா?

கூடாது. சலங்கை மாட்டும், கால் வழுக்கும். பலகையை ஆணி துருத்தாமல் அடித்து, மேடை அசையாமல் முட்டுக் கொடுத்தால் போதும். சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி இப்போது மாசி சிவராத்திரியை ஒட்டித் தஞ்சாவூர், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று பல ஊர்களில் நடக்கிறது. அதற்கு வந்திருக்கும் குழுக்களிடம் முன்கூட்டியே பேசினால், போகிற வழியில் உங்கள் ஊரிலும் ஒரு மாலை ஆடிவிட்டுப் போவார்கள். போக்குவரத்துச் செலவு மிச்சம்.

போலீஸ் அனுமதி, மைக் நேரம் பற்றிச் சொல்லுங்கள். (குத்தாலம்)

காவல் நிலையத்தில் எழுத்தில் மனு, நிகழ்ச்சி நிரலோடு. ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். இடம் கோயிலுடையது என்றால் செயல் அலுவலரிடம், பேரூராட்சியுடையது என்றால் அங்கே. இராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கலாம், இடம் பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூம்பு ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். பத்து மணிக்கு முடிய வேண்டுமென்றால் ஒன்பதரைக்கு முடிவதாக நிரல் போடுங்கள், ஏனென்றால் பொன்னாடை போர்த்துவதற்கே அரை மணி நேரம் போகும். என்னைக் கேட்டால் பொன்னாடையை மொத்தமாக எடுத்துவிட்டு அந்தக் காசுக்கு இன்னொரு தவில் வைப்பேன்.

அரசாங்கத்திடம் உதவி கிடைக்குமா?

தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, சென்னையில் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறையும் உண்டு. மாதக்கணக்கில் முன்னதாக எழுதிக் கேளுங்கள். வந்தால் லாபம், வரவில் எழுதிவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஊரில் ஏற்கெனவே இரண்டு விழாக் குழு, பேச்சுவார்த்தையே கிடையாது. நாங்கள் மூன்றாவது. என்ன செய்ய? (திருவையாறு பக்கம்)

உங்கள் ஊர்ப் பக்கமே நடந்ததுதான் இது. தியாகராஜர் ஆராதனையில் ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று தனித்தனியாக நடத்தினார்கள். சமாதிக் கோயிலைக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளையே அங்கே பாட விடவில்லை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக நடத்தினார். அப்புறம்தான் எல்லாரும் ஒன்றானார்கள். அதனால் சமாதானம் பேசிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உங்கள் விழாவை நடத்துங்கள். இரண்டு குழுவிலும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மேடையில் ஆளுக்கொரு பாட்டு கொடுங்கள். பேத்தி பாடும்போது தாத்தா எந்தக் குழு என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நன்கொடைக் கணக்கில் சந்தேகம் வராமல் இருக்க? (மன்னார்குடி)

எண் போட்ட ரசீதுப் புத்தகம், யாரிடம் எந்தப் புத்தகம் என்ற பட்டியல், இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு. வருஷா வருஷம் நடத்துவதென்றால் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். விழா முடிந்த வாரத்திலேயே வரவு செலவை எழுதி நூலகச் சுவரில் ஒட்டுங்கள், டீக்கடை பாக்கி உட்பட.