அப்பா கொடுத்த மரக்கால் எங்கே?

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை சின்ன அருங்காட்சியகம் ஒன்று நடத்துகிறது. பல வருடங்களுக்கு முன் அப்பா, பூட்டன் காலத்து நெல் அளக்கும் மரக்கால், பல்லாங்குழி, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் அங்கே கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அப்பாவும் இப்போது இல்லை. போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் மரக்காலைக் காணோம். பல்லாங்குழிக்குக் கீழே ‘நன்கொடை: ஊர்ப் பொதுமக்கள்’ என்று எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம் என்று தம்பி குதிக்கிறான். வீட்டில் இருக்கும் ஓலைச்சுவடிக் கட்டையும் மான் கொம்பையும்கூடக் கொடுக்க நினைத்திருந்தேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பியின் கோபம் நியாயம்தான். ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. அசையும் பொருளை நன்கொடையாகக் கொடுக்கப் பத்திரம் கட்டாயமில்லை. மனமுவந்து கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். கொடுத்துவிட்டு, மனம் மாறியதால் திருப்பிக் கேட்க முடியாது. இரவலாகத்தான் கொடுத்தார் என்றால் கதை வேறு. அதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். அப்பாவின் பழைய டைரி, அவர்கள் எழுதிய நன்றிக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று பீரோவைக் குடைந்து பாருங்கள்.

மரக்கால் காட்சியில் இல்லை என்பதாலேயே தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அருங்காட்சியகங்களில் பாதிக்கு மேல் கிடங்கில்தான் கிடக்கும். பொறுப்பாளரிடம் போய்ப் பொருள் பதிவேட்டைக் கேளுங்கள். வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதைப் பொருளின் அடியிலோ உட்புறத்திலோ பொடி எழுத்தில் எழுதிவைப்பது முறை. பல்லாங்குழியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதில் எண் இருந்தால் மரக்காலுக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அப்பா கொடுத்தவற்றின் பட்டியலை, பழைய போட்டோ இருந்தால் அதோடு சேர்த்து, அறங்காவலர்களிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். குற்றப்பத்திரிகை மாதிரி எழுத வேண்டாம். சம்பளமில்லாமல் இரண்டு பேர் ஓடியாடி நடத்தும் இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பெயர்ச்சீட்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதில் அப்பா பெயரோடு நின்றுவிடாதீர்கள். அந்த மரக்கால் எதற்கு அளந்தது? குத்தகை நெல் வாங்கவா, கூலி நெல் கொடுக்கவா? வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டம், 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து சாவதில் போய் முடிந்த மண் அது. பூட்டன் பண்ணையாராக இருந்தாலும் சரி, கூலிக்குப் போனவராக இருந்தாலும் சரி, தெரிந்ததை மழுப்பாமல் ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். அது இல்லாத மரக்கால் வெறும் பாத்திரம். அத்தைமார் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

சுவடியை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். பூச்சியும் ஈரமும் அண்டாமல் காக்க ஆள் வேண்டும். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் இருக்கின்றன. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869 முதல் இருக்கிறது. முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அதுவரை ஈரத்துணியால் துடைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது, ரப்பர் பேண்ட் போடுவது எதுவும் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, இறுக்காமல் கட்டிவையுங்கள். வெற்றிலைப் பெட்டி மாதிரிப் பித்தளைச் சாமான் இன்னும் ஏதாவது கொடுப்பதாக இருந்தால், புளி போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுபோகாதீர்கள்.

இனிமேல் எதைக் கொடுத்தாலும் நன்கொடையா இரவலா, வேண்டாதபோது யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ‘நிரந்தர இரவல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அந்த வார்த்தையே போதும்.

மான் கொம்பை இப்போதைக்குச் சுவரை விட்டு இறக்காதீர்கள். அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. வைத்திருக்கவே உரிமைச் சான்று வேண்டும். அருங்காட்சியகத்துக்கானாலும் நீங்களாகக் கைமாற்ற முடியாது. தாத்தா பெயரில் சான்று ஏதும் உண்டா என்று தேடிவிட்டு, ஒரு வக்கீலிடம் பேசி, வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.