அரசு அலுவலகத்தில் சமத்துவ முயற்சியைத் தொடங்கி, அது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தன் துறையில் சமத்துவக் குழு ஒன்று அமைக்கப்போவதாகவும், முன்பு இப்படித் தொடங்கிய ஒன்று அதிகாரி மாறியதும் அப்படியே நின்றுவிட்டதாகவும் கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டாவது விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அரசு அலுவலகத்தில் தொடங்குவது பெரிய காரியமில்லை. ஆர்வமுள்ள ஒரு தலைமை அதிகாரி வந்தால் போதும். சுற்றறிக்கை வந்துவிடும், குழு போட்டுவிடுவார்கள், தொடக்க விழாவும் நடந்துவிடும். அவருக்கு மாறுதல் உத்தரவு வந்த பிறகு அந்தக் கோப்பை யார் எடுப்பார்கள்? இதற்குத் தொடங்கும்போதே விடை வைத்திருக்க வேண்டும்.

பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பதவி உயர்வுப் பட்டியல், பயிற்சிக்குப் பெயர் அனுப்புவது, மாறுதல் விண்ணப்பம் எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகும். அங்கிருந்து பார்த்தால் ஒன்று நன்றாகப் புரியும். சிலர் ஒதுக்கிவைக்கப்படுவது பெரும்பாலும் அன்றாட வேலைக்குள்ளேயே நடக்கிறது, அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் அனுப்பச் சொல்லி தலைமையிடத்திலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் கடிதம் வரும். திங்கள் காலைக்குள் பட்டியல் போயாக வேண்டும். பிரிவுத் தலைவர் என்ன செய்வார்? சட்டென்று நினைவுக்கு வரும் மூன்று பேரைக் கூப்பிடுவார். "போறீங்களா?" "சரி சார்." பட்டியல் தயார். கிளை அலுவலகத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. சிறு குழந்தை இருக்கும் பெண் ஊழியரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்களால வெளியூர்ல தங்க முடியாது" என்று அவரிடம் கேட்காமலேயே முடிவு செய்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஊழியருக்கும் இதே கதைதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வுக்குத் தகுதி பார்க்கும்போது, பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் அதே சிலரிடம்தான் இருக்கும். "தகுதியை மட்டும்தான் பார்த்தோம்" என்று அப்போது சொல்வது பொய்கூட இல்லை. அந்தத் தகுதி எப்படி வந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பிரிவில் இதற்குச் செய்தது மிக எளிய வேலை. பழைய கோப்புகளைப் புரட்டி ஒரு பதிவேடு போட்டோம். பெயர், பதவி, அலுவலகம், கடைசியாகப் போன பயிற்சி. பெயர் கேட்டு அடுத்த கடிதம் வந்தபோது அந்தப் பக்கத்தையும் சேர்த்தே கோப்பை மேலே அனுப்பினோம். கூடவே இரண்டு நடைமுறைகள். கடிதம் வந்த அன்றே எல்லாக் கிளைகளுக்கும் அது போய்விட வேண்டும். வாய்ப்பே கிடைக்காத ஒருவர் கேட்டிருக்கும்போது, ஏற்கனவே போனவரை அனுப்பினால் அதற்கான காரணத்தைக் கோப்புக் குறிப்பில் எழுத வேண்டும். காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் பட்டியல்கள் மாற ஆரம்பித்தன. விழிப்புணர்வு உரைகளால் நடக்காதது அந்த ஒரு வரியால் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன்: முயற்சியைத் தனி நிகழ்ச்சியாக வைக்காதீர்கள், எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலைக்குள் வையுங்கள். பயிற்சிப் பட்டியல், மாறுதல் கலந்தாய்வு, ஆண்டு அறிக்கைப் படிவம், தணிக்கையில் கேட்கப்படும் கேள்விகள், பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு ஆகியவை அதிகாரி மாறினாலும் நிற்பதில்லை.

பெரிய அளவிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஜோ பைடன் பதவியேற்ற 2021 ஜனவரி 20 அன்றே 13985 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அரசுத் திட்டங்களில் யாரெல்லாம் விடுபடுகிறார்கள் என்று துறைகள் ஆராய வேண்டும் என்றது அந்த ஆணை. 2025 ஜனவரி 20 அன்று, அடுத்தவர் பதவியேற்ற நாளிலேயே, அது ரத்தானது. அதே நாட்டில் மினசோட்டா மாநிலம் 1982-இல் அரசு ஊழியர்களுக்கான ஊதியச் சமத்துவச் சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் அதிகம் செய்யும் வேலைகளையும் ஆண்கள் அதிகம் செய்யும் வேலைகளையும் மதிப்பிட்டு, ஒரே மதிப்புள்ள வேலைகளுக்கு ஊதியம் ஏன் வேறுபடுகிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்யத் தனியாக நிதியும் ஒதுக்கினார்கள். 1984-இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். அவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். எத்தனையோ ஆளுநர்கள் வந்துபோன பிறகும் அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. உங்களால் சட்டம் போட முடியாதுதான். ஆனால் குறித்த தேதியில் வந்தே ஆக வேண்டிய கணக்கு, அதற்கென்று ஒதுக்கிய பணம் என்ற இரண்டையும் ஒரு துறைக்குள்ளேயே ஏற்படுத்த முடியும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், அதிகபட்சம் மூன்று ஆண்டுப் பதவிக்காலம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் பத்து ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதத்தில், அதன் அமலாக்கத்தில் கடுமையான குறைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குழுவின் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும், அதில் உள்ள உறுப்பினர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். உங்கள் குழுவில் ஓர் இடம் காலியானால் எத்தனை நாளுக்குள், யார் நிரப்ப வேண்டும் என்பதை முதல் உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், குழு வேலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்தவர்களிடமே அது போய்ச் சேரும். அவர்கள் தங்கள் வழக்கமான வேலையை முடித்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம். குழுப் பணியை அவரவர் பணிப்பட்டியலில் சேர்த்து, அதற்கேற்ற அளவு வேறு வேலையைக் குறைத்துத் தர வேண்டும். ஆண்டு மதிப்பீட்டிலும் அது பதிவாக வேண்டும். இதற்குத் தலைமை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், குழுவை அறிவிக்காமல் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

எதிர்ப்பு வரும். "எங்களுக்கு வர வேண்டிய வாய்ப்பு போகிறது" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்களை எதிரிகளாகப் பார்க்காமல், பதிவேட்டை அவர்களிடமே காட்டுங்கள். பல ஆண்டுகளாக எதுவும் கிடைக்காதவர்கள் அவர்களுக்குள்ளேயும் இருப்பார்கள். ஊழியர் சங்கத்தையும் முதல் கூட்டத்திலேயே அழைத்துவிடுவது நல்லது. ஆனால் தனிநபர் விவரங்களில் எச்சரிக்கை வேண்டும். பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் "மாற்றுத்திறனாளி: 1" என்று அட்டவணை போட்டால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒப்பந்தத் தொழிலாளர்கள். துப்புரவு செய்பவர், காவலாளி, கணினியில் தரவு பதிபவர் எல்லோரும் இந்தக் கட்டடத்தில்தான் வேலை செய்கிறார்கள், ஆனால் எந்தப் பணியாளர் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். 2013 சட்டம் தற்காலிக, ஒப்பந்த, தினக்கூலி ஊழியர்களையும் ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. உங்கள் குழுவின் உத்தரவிலும் அப்படியே எழுதச் சொல்லிக் கேளுங்கள். உறுப்பினராக்க விதி இடம் தராவிட்டால் கூட்டத்துக்காவது அழையுங்கள். அதை அவர்களுடைய வேலை நேரத்திலேயே, கூலியில் பிடித்தம் இல்லாமல் வையுங்கள்.