கறுப்பாக இருப்பதெல்லாம் காபன் அல்ல

(படகு, எஞ்சின் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கொழும்பு முகத்துவாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் புரொப்பெல்லர் தட்டி நிமிர்த்திவரும் பட்டறைக்காரர் பதில் தருகிறார்.)

எங்களுடையது 18 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு மண்ணெண்ணெய் அவுட்போர்ட் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்). ஜேர்மனியில் இருக்கும் மைத்துனர் காபன் ஃபைபர் புரொப்பெல்லர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். எண்ணெய் மிச்சமாகுமா? – வாசகர், மட்டக்குளி

முதலில் மைத்துனரிடம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். "காபன்" என்று என்னிடம் கொண்டுவந்த கறுப்புப் புரொப்பெல்லர்களில் பாதிக்கு மேல் கண்ணாடி இழை கலந்த நைலோன்தான். அச்சில் ஊற்றி எடுப்பது. ஒரே சீரான மங்கல் கறுப்பாக இருக்கும், ஓரத்தில் அச்சுக் கோடு தெரியும். காபன் இழைத்துணியை எபொக்சியில் தோய்த்து அடுக்கிச் செய்ததில் பெரும்பாலும் நெய்த பாயின் வரிபோல ஒன்று மினுமினுப்புக்குக் கீழே தெரியும். விலையும் ஒரு குறிதான். அலுமினியத்தின் விலைக்குக் கிட்ட வந்தால் அது நைலோன்.

சரி, உண்மையான காபன் என்றே வைத்துக்கொள்வோம். வெண்கலத்தோடு ஒப்பிட்டால் அது ஐந்தில் ஒரு பங்கு பாரம்: ஒரு கன சென்ரிமீற்றர் நிக்கல் அலுமினிய வெண்கலம் 7.6 கிராம், காபன் கலப்பு 1.6 கிராம். ஆனால் உங்கள் எஞ்சினில் இருப்பது வெண்கலம் இல்லையே, அலுமினியம். அது 2.7. அந்த அளவுப் புரொப்பெல்லர் முழுசாகவே இரண்டு கிலோவைத் தாண்டாது. மிஞ்சிப்போனாலும் ஒரு கிலோகூட மிச்சமாகாது. உங்கள் வலையில் ஊறிய தண்ணீர் அதைவிடப் பாரம்.

எண்ணெய் போவது வேறு வழியில். மீன், ஐஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு முழுத் திருப்பில் ஓட்டும்போது, எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கிற உச்சச் சுற்றுக்கு அது ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் திணறினால் பிட்ச் (ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னே போகவேண்டிய தூரம்) கூடிவிட்டது என்று அர்த்தம். பிட்சில் ஒரு அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும். இதைச் சரிசெய்யாமல் காபன் போட்டாலும் தங்கம் போட்டாலும் டாங்கி அதே வேகத்தில்தான் காலியாகும். இதழ் ஓரத்தில் கடிபட்ட பள்ளங்களை அரத்தால் சீவி எடுப்பதும் நல்ல பலன் தரும். அதற்கு ஜேர்மனி வரை போகத் தேவையில்லை.

அப்புறம் நம்முடைய ஆற்றுவாய். களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில் மணல்திட்டு போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. சோளகக் காற்று எழும்பினால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு அறுந்த கயிறும் சாக்கும். அலுமினிய இதழ் மணலில் இடித்தால் வளையும். வளைந்தது என்னிடம் வந்தால், பிட்ச் அச்சில் படுக்கவைத்து, இளஞ்சூட்டில் காட்டி, மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் அன்று பின்னேரமே கடலுக்குப் போகலாம். காபன் வளையாது. ஒரு அளவு வரைக்கும் தாங்கும், தாண்டினால் நுனி நார்நாராகப் பிளக்கும். அதைத் தட்டி நிமிர்த்த உலகத்தில் ஒரு சுத்தியலும் இல்லை.

என் யோசனை: அலுமினியமே ஓடட்டும். மைத்துனருக்கு ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், இதழ் இதழாகக் கழற்றி மாட்டுகிற நைலோன் ஒன்றை அனுப்பட்டும். அது பாரத்தில் சற்று நெளியும், வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் பாறையில் இடித்தால் இதழ் முறிந்து கியரைக் காப்பாற்றிவிடும். படகுப் பெட்டிக்குள் உதிரியாக வைத்திருக்க அதைவிட நல்லது இல்லை.

புரொப்பெல்லரில் "14 × 10 ஆர்.எச்." என்று வெட்டியிருக்கிறது. என்ன பொருள்? – வாசகர், நீர்கொழும்பு

விட்டம் 14 அங்குலம். தண்ணீர் மரத்தைப் போலக் கெட்டியாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 10 அங்குலம் முன்னே போகும், அதுதான் பிட்ச். ஆர்.எச். என்றால் படகின் பின்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழி. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 10 கடல்மைலுக்குச் சற்றுக் குறைய. ஆனால் தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். பாரமான படகில் அந்தப் பத்து ஏழாகிவிடும்.

பொல்கொட ஏரியில் எங்களுடைய பாய்மரப் படகு நிற்கிறது. உள்ளே சிறிய டீசல் எஞ்சின், ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், வெண்கலப் புரொப்பெல்லர். அதிர்வு தாங்க முடியவில்லை. காபன் போட்டால் அடங்கும் என்கிறார்கள். உலோகங்களைக் காபன் தின்னும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? – வாசகி, மொரட்டுவை

இரண்டும் உண்மை.

வெண்கல இதழைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் மொழியால் தட்டிப் பாருங்கள், கோயில் மணிபோல இழுத்துக்கொண்டே இருக்கும். காபன் இதழைத் தட்டினால் "டொக்" என்று அங்கேயே செத்துவிடும். அதிர்வை உள்ளேயே விழுங்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பாரமும் குறைவு என்பதால் கியர் போடும்போது வருகிற அந்த "டங்" சத்தமும் இளகும்.

ஆனால் அம்மா, அதிர்வுக்குக் காரணம் புரொப்பெல்லர்தானா என்று முதலில் பாருங்கள். படகைக் கரையேற்றி ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கட்லஸ் பேரிங் (தண்ணீருக்குள் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்) தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். படகு மறுபடி தண்ணீரில் இறங்கி ஒரு நாள் நின்ற பிறகு ஷாஃப்டையும் கியர்பெட்டியையும் இணைக்கிற கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு அங்குலக் கப்ளிங் என்றால் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. கரையில் வைத்து அளந்தால் பிழையாக வரும், தண்ணீரில் இறங்கியதும் படகு உடம்பு கொஞ்சம் வளையும். என்னிடம் அதிர்வு என்று வருகிற படகுகளில் பலதும் இந்த இரண்டிலேயே அடங்கிவிடுகின்றன.

புரொப்பெல்லரைச் சுரண்டியும் பாருங்கள். சில இடங்களில் இளஞ்சிவப்பாகச் செம்பு நிறம் தெரிந்தால் அது வெண்கலமே இல்லை. "மாங்கனீஸ் வெண்கலம்" என்று பெயர் வைத்த பித்தளை. உள்ளே இருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது. அதைத் தட்டினால் இதழ் பிஸ்கட் மாதிரி உடையும்.

இனித் தின்கிற கதை. பென்சில் கரியும் காபன், இந்த இழையும் காபன். இரண்டிலும் மின்சாரம் ஓடும். உப்புத் தண்ணீரில் காபனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டால் அது பட்டரி, கரைவது அலுமினியம். நானே பட்ட அனுபவம் இது. ஒரு சிறிய காபன் தகட்டை அலுமினிய ரிவெட் அடித்துப் படகின் பின்பக்கத்தில் பொருத்தினேன். அழகாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் ரிவெட் தலை இருந்த இடத்தில் வெள்ளை மாவு. விரலால் தள்ளத் தகடு கையோடு வந்தது.

எபொக்சி மூடியிருக்கும் வரை பயமில்லை. ஓரம் சிதைந்து இழை வெளியே வந்த இடத்தில்தான் தொல்லை. உங்களுடையது ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் என்பதால் ஆபத்துக் குறைவு. அவுட்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும், தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் கால் முழுவதும் அலுமினியம் (மட்டக்குளி வாசகரே, இதையும் படியுங்கள்). பொல்கொட பாணந்துறையில் கடலோடு கலப்பதால் தண்ணீர் சவர். சவர்த் தண்ணீரில் துத்தநாக அனோட்டைவிட (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைகிற கட்டி) அலுமினிய அனோட் நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் அதிர்ந்தால், உங்கள் படகுக்குக் காபன் பொருத்தம்தான். மணலில் இடிக்காத, பாறை இல்லாத ஏரிப் படகு. பணம் இருந்தால் போடுங்கள்.

பெரிய கப்பல்களில் காபன் புரொப்பெல்லர் இருக்கிறதா? – மாணவர், வெள்ளவத்தை

இருக்கிறது, ஆனால் சின்னக் கப்பலில். 2014இல் ஜப்பானின் நக்காஷிமா நிறுவனம் "தைக்கோ மாரு" என்ற 499 மொத்தத் தொன் (எடை அல்ல, கொள்ளளவுக் கணக்கு) இரசாயனத் தாங்கிக் கப்பலுக்குக் காபனில் பிரதான புரொப்பெல்லர் செய்து பொருத்தியது. காலிமுகத்திடலில் நின்று நீங்கள் பார்க்கிற கொள்கலன் கப்பல்களுக்கு இன்னும் வார்ப்பு வெண்கலம்தான். "எம்மா மேர்ஸ்க்" கப்பலின் புரொப்பெல்லர் மட்டுமே ஏறத்தாழ 130 தொன்.

காபனில் எனக்குப் பிடித்த வித்தை வேறு. இழையை எந்தச் சாய்வில் அடுக்குகிறோம் என்பதை வைத்து, பாரம் ஏறும்போது இதழ் தானாகக் கொஞ்சம் முறுகும்படி செய்யலாம். தண்ணீர் அழுத்தும்போது பிட்ச் தானே இறங்கும், அழுத்தம் விட்டால் பழைய நிலைக்கு வரும். உலோகத்தில் நினைத்தபடி இதைச் செய்ய முடியாது. கடற்படைகளுக்கு இதில் ஆர்வம் அதிகம். சத்தம் குறையும், காந்தக் கண்ணிவெடிக்கும் தெரியாது.

காபன் இதழில் கீறல் விழுந்தால் எபொக்சி பூசி ஓட்டலாமா? – வாசகர், தெஹிவளை

மேல்பூச்சுக் கீறலானால் பூசலாம். அதற்கு முன் ஒரு நாணயத்தால் இதழ் முழுவதும் விரலிடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் மந்தமாகப் பொத்தென்று மாறினால் உள்ளே அடுக்கு விட்டுவிட்டது. அந்த இதழ் முடிந்தது, மாற்றுங்கள். மாற்றும்போது புதிய இதழையும் மற்ற இதழ்களையும் சமையலறைத் தராசில் நிறுத்து, பாரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.