‘நீ பாமி’ என்றால் கோபப்படலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உடன் வேலை செய்யும் அக்கா ஒருநாள் வெளியே பார்த்து ‘பாமி’ என்று ரசித்தார். மறுநாள் நான் ஸ்வெட்டர் இல்லாமல் வந்ததற்கு ‘நீ பாமி’ என்று சிரித்தார். கேன்டீனில் ‘பாம் வேணுமா’ என்கிறார்கள். மூன்றும் ஒரே சொல்லா?

பதில்: இல்லை. வானிலைக்குச் சொன்னதில் நடுவில் ‘எல்’ எழுத்து (balmy), உங்களைச் சொன்னதில் ‘ஆர்’ (barmy). அந்த ஊரில் இரண்டையுமே விழுங்கிவிடுவதால் காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது.

‘எல்’ உள்ள பாமி, நாம் தலைவலிக்குத் தேய்க்கும் பாமின் உறவு. லத்தீனில் பால்சமம், அதாவது வாசனைப் பிசின். இதமான, மிதமான வெப்பமுள்ள நாளுக்கு இந்தச் சொல்.

‘ஆர்’ உள்ளதன் கதைதான் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் பார்ம் என்றால் பீர் புளிக்கும்போது மேலே பொங்கும் நுரை. அதை வழித்தெடுத்து ரொட்டி மாவில் சேர்ப்பார்கள். நம் பக்கம் ஆப்ப மாவில் கள் ஊற்றுவதைப் போலத்தான். அப்படி உப்பிய ரொட்டியின் பெயர் லங்காஷயர், மான்செஸ்டர் பக்கம் இன்றும் பார்ம், பார்ம் கேக். உங்கள் கேன்டீனில் கேட்பது இதைத்தான். கேக் என்றதும் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள், வெறும் பன்தான். உள்ளே உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் சிப் பார்ம்.

நுரை பொங்குவதிலிருந்து, 1600 வாக்கிலேயே துள்ளுகிற, நிலைகொள்ளாத ஆளையும் பார்மி என்றார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையிலோ, ‘எல்’ உள்ள பாமிக்கே ‘புத்தி மட்டு’ என்றொரு பொருள் இருந்தது. ஒலி ஒன்று என்பதால் இரண்டும் கலந்து, கிறுக்கு என்ற பொருள் கடைசியில் ‘ஆர்’ பக்கம் ஒதுங்கிவிட்டது. இங்கிலாந்து கிரிக்கெட் ரசிகர்களின் பார்மி ஆர்மியும் இதுதான். 1994-95 ஆஷஸில், ஆஸ்திரேலியாவில் அணி தோற்றாலும் பாட்டை நிறுத்தாதவர்களுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சரி, கோபப்படலாமா? வேண்டாம். அக்கா சொன்னது நம் ‘லூசு’ போலச் செல்லமாகத்தான். ஆனால் வார்டில் நோயாளி காதுபட நீங்கள் சொல்லிவிடாதீர்கள், மனநலம் குன்றியவர்களைக் கேலி செய்வதாகிவிடும். அப்புறம், நாட்டிங்காம் போனால் பார்ம் கேட்டுக் குழம்பாதீர்கள். அங்கே அதே பன்னுக்குப் பெயர் காப், கவென்ட்ரியில் பேட்ச்.