அருட்சகோதரிகள் நடத்தும் சிறப்புப் பள்ளியில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைச் சேர்க்கலாமா?

தம் எட்டு வயது மகளுக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாகவும், வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் அருட்சகோதரிகள் நடத்தும் சிறப்புப் பள்ளி ஒன்று மட்டுமே இருப்பதாகவும், இந்துக் குடும்பம் என்பதால் உறவினர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கும் தாயார், அங்கே உண்மையான கல்வி கிடைக்குமா, வழிபாட்டில் கட்டாயப்படுத்துவார்களா என்று கேட்டிருக்கிறார். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். 1998இல், அவனுடைய ஏழாவது வயதில், திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் சேர்த்தோம்; பதினோரு ஆண்டுகள் படித்தான். அம்மா காலமான பிறகு நான்தான் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர். சேர்க்கலாம் என்பதே என் பதில். சேர்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் மதம் முதலாவது அன்று.

இருந்தாலும் உங்கள் உறவினர்களின் கேள்வி அதுதான் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், படிப்பவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி, அவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே உங்கள் விருப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த நகல் ஒருநாளும் தேவைப்படவில்லை.

நம் பக்கத்தில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான கல்வியைத் தொடங்கிவைத்தவர்களே பெரும்பாலும் சமயப் பணியாளர்கள்தாம். பாளையங்கோட்டையில் 1890இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்கவைப்பதற்கென மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது 1974இல்தான். இடைப்பட்ட அத்தனை காலமும் அந்தப் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்துவைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், பழம்பெருமையைப் பார்த்து மட்டும் உங்கள் மகளைச் சேர்த்துவிடக் கூடாது.

கல்வி கிடைக்குமா என்பதற்கு ஒரு பொத்தானின் கதையைச் சொல்கிறேன். என் தம்பியால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. விரல்களில் பிடிமானம் குறைவு. வீட்டில் நாங்கள் முதலிலிருந்து கற்றுக்கொடுப்போம், அவன் பாதியில் சோர்ந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். பள்ளியில் அவனுடைய வகுப்பைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு துணித் துண்டுகளை ஆணியடித்து, ரூபாய் நாணயம் அளவுள்ள பெரிய பொத்தான்களைத் தைத்துவைத்திருந்தார். பொத்தானைத் துளைக்குள் முக்கால்வாசி நுழைத்துக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் இழுக்கும் கடைசி வேலையை மட்டும் அவனிடம் விடுவார். இழுத்தவுடன் வேலை முடிந்துவிடும். அவன் கையால் முடிந்திருக்கும். அது கைக்கு வந்த பிறகு பாதி நுழைத்துக் கொடுப்பார். அதன்பின் துளையைக் காட்டுவதோடு சரி. பொத்தானின் அளவும் வாரக்கணக்கில் சிறிதாகிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ நான்கு மாதங்களில் தன் சீருடைச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கடைசிப் படியிலிருந்து கற்பிக்கும் இந்த முறை சிறப்புக் கல்விப் பயிற்சியில் முறைப்படி கற்றுத்தரப்படுவது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு மாதப் பொறுமைக்கு அவருடைய துறவு வாழ்க்கை துணைநின்றிருக்கலாம். ஆனால் பொத்தானைப் போடவைத்தது அவர் கற்றிருந்த கல்வி. பயிற்சியில்லாத பக்தி எங்கள் வீட்டிலேயே நிறைய இருந்தது.

அதே சிஸ்டர்தான் அம்மாவிடம், வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் இவனுக்கென்று ஒரு வேலை கொடுங்கள் என்று சொன்னார். அம்மா மணியைக் கொடுத்தார். கற்பூரம் ஏற்றியதும் அடிக்கத் தொடங்க வேண்டும், தட்டைக் கீழே வைத்ததும் நிறுத்த வேண்டும். தினமும் ஒரே வரிசையில் நடப்பதால் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். தன் முறை வரும்வரை காத்திருப்பதையும் அந்த மணியிலிருந்தே கற்றான். பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளை முதல் நற்கருணைக்கு, அதாவது வழிபாட்டில் புனித அப்பத்தை முதன்முறை பெறுவதற்கு, தயார்செய்யும்போதும் இதே அணுகுமுறைதான். ஒரு தட்டில் பிஸ்கட், இன்னொன்றில் இன்னும் மந்திரிக்கப்படாத அப்பம். எதற்குக் கைகூப்ப வேண்டும் என்று பேச வராத பிள்ளை சைகையால் காட்டினால் போதும் என்பார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு அறிந்தால் சிறு பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று 1910இலேயே திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆணையிட்டிருக்கிறார். சமயத்தைக் கற்பிப்பதானாலும் பிள்ளைக்கு எட்டும் வழியில் அதைக் கற்பிக்கும் பள்ளியில் மற்றப் பாடங்களும் அப்படியே நடக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பருவம் முடிந்த பிறகு, வேறொரு சமய அறக்கட்டளை நடத்திய இல்லத்தில் தம்பியைச் சில மாதங்கள் விட்டிருந்தோம். பிறந்தநாளுக்கும் திதிக்கும் நன்கொடையாளர்கள் சாப்பாடு போடும் இடம் அது. ஒருநாள் மதியம் சொல்லாமல் போயிருந்தேன். இலைகளில் சோறும் சாம்பாரும் பரிமாறப்பட்டு ஆறிக்கொண்டிருக்க, நாற்பது பிள்ளைகள் கண்ணை மூடி, முன்பின் அறியாத யாரோ ஒருவருடைய தந்தையின் ஆன்மா சாந்தியடைய வேண்டிக்கொண்டிருந்தார்கள். நன்கொடையாளர் படம் எடுத்து முடித்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார்கள். காலை பத்து மணியிலிருந்து என்ன செய்தீர்கள் என்று தம்பியைக் கேட்டேன், உட்கார்ந்திருந்தோம் என்றான். அங்கே சிறப்பாசிரியர் ஒருவர்கூட இல்லை. மாதந்தோறும் ஜெபக்கூட்டம் மட்டும் தவறாமல் நடந்தது. முழு விசுவாசம் இருந்தால் இவன் குணமாகிவிடுவான் என்று அதில் ஒருவர் அம்மாவிடம் சொன்னார். 21ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். அது குணமாக்க வேண்டிய நோயே அன்று. எங்கள் தெருவில் முன்ஜென்மப் பாவம் என்றவர்களின் சொல்லும் இவருடைய சொல்லும் அம்மாவை ஒரே மாதிரிதான் வதைத்தன. அன்று மாலையே தம்பியை அழைத்து வந்துவிட்டேன்.

நல்ல பெயர் பெற்ற இடத்திலும் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். 1964இல் பிரான்ஸில் ழான் வனியே தொடங்கிய லார்ஷ், அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் உயர்ந்த முயற்சி. இந்தியாவிலும் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அதன் இல்லங்கள் இருக்கின்றன. வனியேயை வாழும் புனிதராகவே மதித்தார்கள். அவர் 2019இல் காலமானார். ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியதை, லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணை 2020இல் வெளிப்படுத்தியது. முதலில் ஆறு பேர் என்றும், 2023இல் வந்த அறிக்கையில் குறைந்தது 25 பேர் என்றும் தெரியவந்தது. 2020 அறிக்கையில் வந்த பெண்கள் எவரும் மாற்றுத்திறனாளிகள் அல்லர். ஆயினும், நடந்ததை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றவர்கள் இதை மறந்துவிட முடியாது. கழிவறைக்கு யார் அழைத்துச் செல்கிறார், புகார் இருந்தால் நிர்வாகத்துக்கு வெளியே யாரிடம் சொல்லலாம் என்று நேராகவே கேளுங்கள்.

மற்றவை நேரடியாகச் சரிபார்க்கக் கூடியவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிறுவனம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அருட்சகோதரி என்பதற்காக இதில் விலக்குக் கிடையாது. உங்கள் மகளுக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதி, சில மாதங்களுக்கு ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். அதே சட்டம், குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே, சேர்த்துக்கொள்வதை யாரும் உங்களுக்குச் செய்யும் தருமமாகப் பேச இடம்கொடுக்க வேண்டாம். மகளுக்கு 18 வயது நிறையும்போது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இப்போது அவசரமில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் முதல் நாளில் சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "தம்பி, உங்க பேரு என்ன?" என்று கேட்டார். அம்மா வழக்கம்போல அவனுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் கையைச் சற்றே உயர்த்தி அம்மாவை நிறுத்திவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரமானது. அவன் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொன்னான். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, மீதிக்காகக் காத்திருந்தார்.