பழைய வீடுகளில் ‘தளம் அடிப்பது’ என்பார்களே, அது என்ன?

மொட்டைமாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவதுதான் தளம் அடிப்பது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் இப்படித் தளம் போட்டிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான்.

என் சின்ன வயதில் எதிர்வீட்டு மாடியில் பார்த்தேன். சித்தாள் பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே குத்தவைத்து உட்கார்ந்து, பாட்டுக்கு ஏற்றபடி ஒரே தாளத்தில் அடிப்பார்கள். பாட்டு பொழுதுபோக்குக்கு இல்லை. அடி ஒரே சீராக விழுவதற்கு. கொத்தனார் நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார். நாள்கணக்கில் நடக்கும் வேலை. வெயிலில் அவர்கள் கை காய்த்துப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு அடி? சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி சட்டென்று இறுகாது. மெல்ல இறுகும்போது சுருங்கி வெடிப்பு விடும். அடிக்க அடிக்க உள்ளே இருக்கும் காற்றும் மிஞ்சிய நீரும் வெளியேறி, வெடிப்பு மூடிக்கொள்ளும். ஐப்பசி மழை உள்ளே இறங்காது. அறுவடைக்கு முன் களத்தில் நீர் தெளித்து மண்ணைத் தட்டிக் கெட்டியாக்குவோமே, அதே மாதிரிதான். கட்டை துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது என்று கொத்தனார் நிறுத்தச் சொல்வார்.

கடுக்காயும் வெல்லமும்தான் பசையாக ஒட்டுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவை துணைக்குத்தான், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக மாறுவதால்தான் தளம் நிற்கிறது.