எல்இடி மாற்றியதும் இண்டிகேட்டர் வேகமாக மின்னுவது ஏன்?

வண்டியின் பின் இண்டிகேட்டர்களுக்கு எல்இடி போட்டதும் வலப்பக்கம் படபடவென்று மின்னுகிறது, இடப்பக்கப் பல்பு எரியவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரியாதது செருகும் வகைப் பல்பானால், கழற்றித் திருப்பிச் செருகுங்கள். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

வேகமாக மின்னுவது கோளாறல்ல. பழைய 21 வாட் பல்பு, 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்குதான் இழுக்கும். மின்னோட்டம் குறைந்ததும், பல்பு பியூஸ் போய்விட்டதாகக் கருதி இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷர் ரிலே அப்படி எச்சரிக்கிறது. ரிலேயைத் தனியாகக் கழற்ற முடிந்தால், எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் போடுங்கள். அதுவே என் தேர்வு. கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் 6 ஓம் லோடு ரெசிஸ்டரைப் பல்புக்கு இணையாகக் கொடுத்தாலும் சரியாகும். ஆனால், பல்பு எரியும்போதெல்லாம் ரெசிஸ்டர் 24 வாட் வெப்பம் கக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடாதீர்கள், உலோகத் தகட்டில் திருகாணி போட்டு முடுக்குங்கள்.